கண்ட்ரோலுக்கு எடுத்த தசை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பினால் வருகிற ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாயக்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்து அனுப்பும் துணுக்குகளை மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தேழு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த காவலாளி ஒருவர் அந்தப் பெயரை நம்பி, வெளுத்துப்போன தன் கறுப்புக் கால்சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், "எங்ககிட்ட பழுப்பும் ஊதாவும்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே தசை நோய்களுக்கான சோதனையைத் தொடங்கினார்கள். அதுவரை கட்டி, குடல், ஈரல் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் தசையைப் புதிதாகப் படித்தாள். பெரும்பாலும் சின்னப் பையன்களின் தொடைத் தசைதான் வரும். நாலு வயது, ஐந்து வயது, ஏழு வயது. மாடிப்படி ஏற முடியவில்லை, அடிக்கடி விழுகிறான், தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருக்கிறான், கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி திரண்டிருக்கிறது என்றெல்லாம் கூட வருகிற சீட்டில் எழுதியிருக்கும்.

தசையின் ஒவ்வொரு இழையையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் உள்பக்கத்தில், கோட்டுச் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைத்த துணி மாதிரி, டிஸ்ட்ரோஃபின் என்கிற புரதம் படிந்திருக்கும். தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு கிழிந்துபோகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது இருக்கிற இடத்தில் சாயம் பற்றும். பேனாவால் கோடு இழுத்ததுபோல இழையைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு தெரியும். அந்தத் தசைநோய் வந்த பையன்களின் துண்டில் விளிம்பே இருக்காது. வெளிறிய திட்டுகள்தான். அவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் நடையை விட்டுவிடுவார்கள். பிறகு கை ஓய்ந்துபோகும். அதற்கும் பிறகு மூச்சும் இதயமும்.

சாயம் பற்றவில்லை என்றால் புரதம்தான் இல்லையா, அல்லது சாயம் ஏற்றியதிலேயே கோளாறா என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக நோயில்லாத ஒருவரின் தசையையும் கூடவே வைத்துச் சாயம் ஏற்றுவார்கள். அதற்குக் கண்ட்ரோல் என்று பேர். எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எலும்பு டாக்டர்கள் ஒரு துணுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். ஆய்வகம் அதை உறைய வைத்துப் பத்திரப்படுத்தும்.

அந்தக் கண்ட்ரோல் தசை தீர்ந்துகொண்டு வந்த சமயத்தில் சாயக்காரம்மாவே விழுந்தாள். ஆய்வக வாசலில் இருப்பது மூன்றே படி. இரண்டாவது படியில் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. வயது ஐம்பத்தொன்று. கொஞ்ச நாளாகவே படி ஏறும்போது கால் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். வயதாகிறது, எடை கூடுகிறது என்று தானே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், கட்டிலில் படுத்தபடியே எலும்பு டாக்டரிடம் சொன்னாள்:

"எப்படியும் தொடையைத் திறக்கத்தானே போறீங்க டாக்டர். முறிஞ்ச இடத்துலேர்ந்து தள்ளி ஒரு துண்டு எடுத்து எங்க ஆளுங்ககிட்ட குடுத்துடுங்க. எங்க கண்ட்ரோல் முடியப்போகுது."

"படுத்த படுக்கையிலயும் உங்களுக்கு வேலை நெனப்புதானா?"

"சும்மாதானே கெடக்கு டாக்டர் என் சதை. நாலு பேருக்கு ஆகட்டும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினாள். கணவர் தொலைதூரச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டில் அவளும் எழுபத்தொன்பது வயது அப்பாவும்தான். ஒரே மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அம்மா வேலைக்குத் திரும்புவதற்கு நாலு நாள் முன்பு மகள் வந்து, தான் உண்டாகியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒன்பதாவது வாரம். அந்தச் சந்தோஷத்தில் கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது சாயக்காரம்மாவுக்கு.

முதல் நாளே ஒரு தசைத் துண்டு காத்திருந்தது. ஐந்து வயதுப் பையன். அவள் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சீவினாள். பிறகு "கண்ட்ரோல்" என்று மட்டும் எழுதியிருந்த புதுக் குப்பியை எடுத்தாள். தன் தொடைத் தசை என்று தெரியும். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண், "அக்கா, உங்களை நீங்களே வெட்டப்போறீங்க, பாத்து" என்றாள். "வெட்டுறதுக்கா பஞ்சம், இன்னும் நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சீவினாள்.

மறுநாள் காலை, சாயம் ஏறி முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பையனின் துண்டில் விளிம்பு எதுவும் இல்லை. எதிர்பார்த்ததுதான். பெருமூச்சு விட்டுக்கொண்டு கண்ட்ரோலை வைத்தாள். பழுப்பு விளிம்புகள் பளிச்சென்று வந்திருந்தன. துண்டை மெல்ல நகர்த்தினாள். நல்ல விளிம்புகளுக்கு நடுவே ஓர் இழை மட்டும் வெறுமையாக இருந்தது. இன்னும் நகர்த்தினாள். அங்கே மூன்று. அதற்கப்புறம் ஏழெட்டு இழைகள் ஒன்றாக, ஒரு கோடும் இல்லாமல்.

சாயம்தான் சரியாகப் பற்றவில்லை என்று நினைத்தாள். யாருக்கும் சொல்லாமல் புதுப் புட்டியைத் திறந்து இன்னொரு முறை ஏற்றினாள். கூடவே ஸ்பெக்ட்ரின் என்ற வேறொரு புரதத்துக்கும் சாயம் ஏற்றினாள். சவ்வு முழுசாக இருந்தால் அது எல்லா இழையிலும் தெரியும். மறுநாள் பார்த்தபோது ஸ்பெக்ட்ரின் எல்லா இழையிலும் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. சவ்வில் ஒரு குறையும் இல்லை. டிஸ்ட்ரோஃபின் துண்டில் அதே இழைகள் அதே இடத்தில் வெறுமையாக நின்றன. எண்ணினாள். ஆயிரம் இழைக்கு நூற்றுப் பதினெட்டு.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்ட்ரோஃபினைச் செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அதில் பழுது வந்தால் தப்ப வழியில்லை. பெண்களுக்கு இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டும். ஆனால் பெண்ணின் உடம்பில் எந்த உயிரணுவை எடுத்தாலும் இரண்டில் ஒரு எக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும். நல்லது தூங்கிவிட்ட இடங்களில் விளிம்பு இருக்காது. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிறக்கும் மகனுக்கு நோய் வர சரிபாதி வாய்ப்பு. மகளாக இருந்தால், அவளும் அதைச் சுமக்கச் சரிபாதி வாய்ப்பு.

இதையெல்லாம் அவள் எத்தனையோ பயிற்சி மாணவர்களுக்குக் கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள். இப்போது கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் நினைவுக்கு வந்தது மகள் அல்ல, தம்பி.

அவளுக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஆறு. சைக்கிளின் பின்னால் அவனை உட்கார வைத்துக்கொண்டு இறக்கத்தில் வந்தவள் திருப்பத்தில் தடுமாறினாள். அவன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அதற்கப்புறம் அடிக்கடி விழுந்தான். பத்து வயதில் சக்கர நாற்காலி. பதினேழு வயதில் போய்விட்டான். "அன்னைக்கு அக்காக்காரி சைக்கிள்லேர்ந்து தள்ளிவிட்டா பாரு, அப்பலேர்ந்துதான் புள்ளைக்குக் காலே சரியில்ல" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அம்மாவோ அப்பாவோ அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சொன்னவர்களை மறுத்ததும் இல்லை. அவனைக் குளிப்பாட்டியதும் திருப்பிப் படுக்க வைத்ததும் அவள்தான். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவள்தான். இருபத்திரண்டு வயதுவரை அப்படித்தான் ஓடியது. அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. கடைசிவரை அம்மாவிடம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. இன்றுவரை அவள் சைக்கிளைத் தொட்டதில்லை.

தசைச் சோதனை தொடங்கிய முதல் வாரமே, சீட்டில் திரண்ட கெண்டைக்கால் என்று படித்தபோது தம்பியின் கெண்டைக்கால் கண்முன் வந்து நின்றது. சந்தேகம் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் தம்பியின் உடம்பிலிருந்து ஒரு துணுக்கும் மிச்சமில்லை, ஆதாரம் இல்லாமல் எதற்குக் குட்டையைக் குழப்ப வேண்டும் என்று மூடி வைத்தாள். மகள் அப்போதுதான் கணக்கு வாத்தியார் ஒருவரை விரும்பத் தொடங்கியிருந்தாள். அதுவும் ஒரு காரணம். அந்தச் சந்தேகத்தை அவள் ஆறு வருடம் கிண்டாமலே வைத்திருந்தாள்.

ஆய்வகத் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் எட்டுமணி என்பார்கள். எந்த நாளும் எட்டு அடிக்கும்போது உள்ளே நுழைகிற அம்மாள். அதிகம் பேசமாட்டார். சாயக்காரம்மா கொண்டுபோய் வைத்த இரண்டு சில்லுகளையும் எட்டுமணி வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ட்ரோல் யாரோடது?"

"என்னோடது டாக்டர்."

எட்டுமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது?"

"ஒரு தம்பி இருந்தான். பதினேழு வயசுல..."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. அவ இப்ப உண்டாயிருக்கா. ஒம்பது வாரம்."

எட்டுமணி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்: "அப்ப நேரம் கம்மி. நீங்க இன்னைக்கே ரத்தம் குடுங்க. உங்க முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், பொண்ணையும் நாளைக்கே வரச் சொல்லுங்க. உங்க இதயத்தையும் ஒரு தடவை பாத்துடணும். அந்தப் பையனோட சோதனைய பழைய கண்ட்ரோல் மிச்சம் இருக்குல்ல, அதை வெச்சு நான் வேற ஆளைச் செய்யச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க." எழுந்திருக்கும்போது அவள் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். அந்த அம்மாள் யாரையும் தொட்டுப் பேசி அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது காய் நறுக்குவதுதான் அவர் பொறுப்பு; ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் எள்ளளவு வித்தியாசம் இருக்காது.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட? கால் வலிக்குதா?"

அவள் எதிரில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பா, தம்பிக்கு என்ன வியாதின்னு டாக்டருங்க சொன்னாங்க?"

கத்தி நின்றது. "இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"கீழ விழுந்ததுல நரம்பு..."

"அப்பா." அவள் குரலை உயர்த்தவில்லை. "என் தொடைச் சதைய நானே சாயம் போட்டு நானே பாத்தேன். எனக்கும் இருக்கு. அது விழுந்து வர்ற வியாதி இல்ல. அம்மா வழியா வர்றது."

அப்பா கத்தியைத் தட்டில் வைத்தார். நறுக்கிய பீன்ஸை ஒருபக்கமும் நறுக்காததை ஒருபக்கமுமாக விரலால் ஒதுக்கினார். அது முடிந்ததும் மறுபடி ஒதுக்கினார்.

"உங்க அம்மா சத்தியம் வாங்கிக்கிட்டா" என்றார் கடைசியில். "அவனுக்கு எட்டு வயசு அப்ப. ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் ஒருத்தர் வந்திருந்தாரு. கெண்டைக்கால அமுக்கிப் பாத்தாரு, தரையில உக்கார வெச்சு எழுந்திரிக்கச் சொன்னாரு, ரத்தத்துல ஏதோ பாத்தாரு. பாத்துட்டு, இது தாய் வழியா வர்றது, ஆம்பளப் புள்ளைங்களத்தான் சாய்க்கும்னாரு. உங்களுக்கு வேற புள்ளைங்க இருக்கான்னு கேட்டாரு. ஒரு பொண்ணு இருக்குன்னேன். அவளுக்கும் இருக்கலாம், பெரியவளானதும் சொல்லிவைங்கன்னாரு."

"ஏன் சொல்லல?"

"வெளிய வந்ததும் உங்க அம்மா பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டா. இது தெரிஞ்சா என் பொண்ண எவன் கட்டுவான், செத்தாலும் வாயத் தொறக்கக் கூடாதுன்னா. சைக்கிள் கதைய நாங்க கட்டலம்மா. ஊருதான் சொல்லிச்சு. நாங்க சொல்லல."

"இல்லைன்னும் சொல்லலையேப்பா."

"இல்லைன்னு சொன்னா, அப்ப என்னன்னு அடுத்த கேள்வி வருமே."

நாற்பது வருடம். தம்பியைத் தூக்கும்போதெல்லாம் முழங்காலில் இருந்த அந்தத் தழும்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

"எனக்குப் பதினோரு வயசுப்பா அப்ப" என்றாள்.

"தெரியும்மா."

"ராத்திரியெல்லாம் அவன் காலைத் தடவிக் குடுப்பேன். நான் தடவுனா சரியாயிடும்னு."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தும் அவளால் எழுந்துபோய்த் தொட முடியவில்லை. அன்றைக்கு அந்த பீன்ஸ் சமையலறைக்கு வரவே இல்லை.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனாள். மகள் கட்டட வரைபடம் வரைகிற அலுவலகத்தில் வேலை செய்தாள், அப்போதுதான் திரும்பியிருந்தாள். இரண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடித்து, தடியை ஊன்றி, படிக்குப் படி நின்று ஏறினாள்.

"ஏம்மா, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்ல? இந்தக் காலோட எதுக்கு ஏறி வந்த?" என்று மகள் கடிந்துகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். மருமகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, துண்டில் பார்த்ததையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் தம்பியைப் பற்றியும் சைக்கிள் கதையையும் தாத்தா இத்தனை வருடம் மறைத்ததையும் சொன்னாள். எட்டுமணி சொன்னபடி நாளை ரத்தம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வரைபடத்தில் அளவு தப்பியிருக்கும் இடத்தைத் தேடுகிறவள்போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. "இன்னைக்குக் காலையில உறுதியாச்சு" என்றாள். பிறகு, "சந்தேகம் ஆறு வருஷமா இருந்துச்சு" என்றாள்.

"ஆறு வருஷம்."

"ஆதாரம் இல்லாம உன்னக் கலங்கடிக்க வேணாம்னு..."

"ஒரு ரத்தச் சோதனைம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணியிருக்கலாம். போன மாசம்கூடப் பண்ணியிருக்கலாம். தெரிஞ்சிருந்தா நான் யோசிச்சு முடிவெடுத்திருப்பேன்ல? இப்ப வயித்துல வெச்சுக்கிட்டு வாரத்த எண்ணணும்." அவள் குரல் உடைந்தது. "தாத்தா உனக்குப் பண்ணுனதுக்கும் நீ எனக்குப் பண்ணுனதுக்கும் என்ன வித்தியாசம்?"

மருமகன், "அத்தை, நான் உங்கள வீட்டுல விட்டுட்டு வரேன்" என்று மெதுவாகச் சொன்னார். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில், "கோவம் போயிடும் அத்தை. ஆனா அவ சொன்னதுல தப்பில்ல" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் வந்து ரத்தம் கொடுத்தாள். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. சாயக்காரம்மா தினமும் வேலைக்கு வந்தாள். ஈரலுக்கும் குடலுக்கும் சாயம் ஏற்றினாள். எந்தத் துண்டிலும் தவறு செய்யவில்லை. இதயப் பரிசோதனையில் இடப்பக்க அறை கொஞ்சம் பெரிதாகியிருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கால் இனி மெல்ல மெல்ல பலம் குறையும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதைக் கேட்டபோது அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் எட்டுமணி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணக்கு வாத்தியாரும் வந்திருந்தார். அம்மாவின் மரபணுவில் மூன்று துண்டுகள் காணவில்லை. மகளுக்கும் அதே மூன்று துண்டுகள்.

மகள் அழவில்லை. "அடுத்தது என்ன?" என்று கேட்டாள். நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் துளி எடுத்துப் பார்க்கலாம், அடுத்த வாரம் எடுக்கலாம், முடிவு வர எட்டு நாள் என்றார் எட்டுமணி. பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் உங்கள் இருவர் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள் என்றும் சொன்னார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பாத்துடலாம்" என்றாள் மகள்.

வெளியே வந்ததும் அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அந்தத் துண்டு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"காட்டு."

சாயக்காரம்மா அவளைத் தன் மேசைக்குக் கூட்டிப்போனாள். நாற்காலியைத் தாழ்த்தி, கண்ணாடி வில்லையைச் சரிசெய்து கொடுத்தாள். மகள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

"கோடு இல்லாததெல்லாம் கெட்டதா?"

"அதுல அந்தப் புரதம் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா சேதமாயிட்டே இருக்கும்."

"எத்தனை?"

"எண்ணுன வரைக்கும் ஆயிரத்துக்கு நூத்திப் பதினெட்டு."

"தனியா உக்காந்து எண்ணுனியா?"

"ம்."

மகள் இன்னும் குனிந்தபடியே இருந்தாள். "அந்த மாமாவோடது எப்பிடி இருந்திருக்கும்?"

"ஒண்ணுலயும் கோடு இருந்திருக்காது."

"இதுக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இல்ல. நான் அவனக் கீழ போட்டேங்கறது நெஜம். வியாதி அதனால வரல."

மகள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. மைக்ராஸ்கோப்பின் விளக்கை எங்கே அணைப்பது என்று தேடினாள், அம்மா காட்டினாள். "எனக்கு இன்னும் கோவம் போகல" என்றாள் மகள். "போகாட்டி பரவால்ல" என்றாள் சாயக்காரம்மா. "ஊசி போடுற அன்னைக்கு நீயும் வா" என்று சொல்லிவிட்டு மகள் போனாள்.

அந்த எட்டு நாளை எப்படிக் கடத்தினார்கள் என்பதைப் பற்றிப் பிறகு அம்மா, மகள், மருமகன் மூவருமே பேசியதில்லை. அப்பா வேளாவேளைக்கு எதையாவது நறுக்கிக்கொண்டே இருந்தார். வாங்கிவந்த காய் தீர்ந்துபோய், அண்டை வீட்டுக்காரியின் காயையும் நறுக்கிக் கொடுத்தார். சாயக்காரம்மாவின் கணவர் எங்கோ நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டுத் தினமும் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் "என்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தின் நடைபாதை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுமணி உள்ளே போகாமல் நேராக அவர்களிடம் வந்தார். கையில் தாள் இருந்தது. நின்றபடியே மகளிடம் சொன்னார்:

"ஆண் குழந்தை. பழுது இல்லை. உங்க நல்ல எக்ஸ்தான் போயிருக்கு."

மகள் தாளை வாங்கி, தானே ஒருமுறை முழுக்கப் படித்தாள். பிறகு அதை மடித்துக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். சலவைக்கூடத்துக்கு வண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் துக்கச் செய்தி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். அழுது ஓய்ந்ததும் மகள் சொன்னாள்: "இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு மட்டும் யாரும் என்கிட்ட கேக்காதீங்க. எனக்கே தெரியல."

யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து வயதுப் பையனின் அறிக்கை எப்போதோ போயிருந்தது. பழைய கண்ட்ரோலோடு வைத்துப் பார்த்தபோதும் அவனுடையதில் கோடு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். பாட்டியின் படம் சுவரில் இருந்தது; மாமாவின் படம் எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை. அவள் அதைக் கவனித்திருந்தாள் போல.

"தாத்தா, மாமா எப்பிடி இருப்பாரு? வியாதியச் சொல்ல வேணாம். ஆளு எப்பிடி?"

அப்பா பேத்தியைப் பார்த்தார், பிறகு சாயக்காரம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"வாய் கொஞ்ச நஞ்சமில்ல" என்று அவர் ஆரம்பித்தார். "என் பஸ் டிக்கெட் கட்டு ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டான். யாராச்சும் அவன் நாற்காலியத் தள்ளினா, ஏறிட்டு சும்மா நிக்காதீங்க, டிக்கெட் எடுங்கன்னுவான். தள்ளுறவன்தான்டா நடக்கறான், நீதானே சவாரி போறன்னா, அப்ப நான் டிரைவர், நீ கண்டக்டர், நீயே கிழிம்பான்."

மகள் சிரித்தாள். "அம்மாகிட்டயும் கேப்பாரா?"

"என்கிட்ட பாஸ் இருந்துச்சு" என்றாள் சாயக்காரம்மா. "அவனே எழுதிக் குடுத்தது. ஆயுள் பாஸ்." அந்தத் தாள் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தக் கையெழுத்தில் எழுதினான், கை நடுங்க ஆரம்பித்த பிறகா முன்னாலா என்பதெல்லாம் நினைவில் தெளிவாக இருந்தது. அவற்றைச் சொன்னாள். ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போலவே அவன் வாசிப்பதையும், கேரம் ஆட்டத்தில் தோற்கும்போதெல்லாம் கை வலிப்பதாக நடிப்பதையும் சொன்னாள். முப்பது வருடத்தில் அவனைப் பற்றி அவள் இவ்வளவு பேசியதில்லை. பேசும்போது ஓர் இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு அவனைப் பற்றி அவள் மறந்துபோயிருந்த ஒன்றை அவர் எடுத்துச் சொன்னார்.